ஆலய வளவில் பொங்கலாமா?

கேள்வி இதுதான். கொழும்பில் ஒரு தமிழ்ச் சபையின் வாலிபர்கள், தைப்பொங்கல் காலையில் ஆலய வளவுக்குள் பானை வைத்துப் பொங்கி, குத்துவிளக்கேற்றி ஆராதனை நடத்த விரும்புகிறார்கள். மூத்தவர்கள் சிலர் ‘இது சமயக் கலப்பு’ என்று மறிக்கிறார்கள். புரட்டஸ்தாந்து இறையியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது? செய்வதென்றால் எப்படிச் செய்வது?

சுருக்கமான பதில்: பொங்கலாம். குத்துவிளக்கை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். ஏனென்று கீழே சொல்கிறேன்.

முதலில் ‘சமயக் கலப்பு’ என்ற சொல்லைப் பார்ப்போம். பானை, பாட்டு, மாவிலை, பட்டுவேட்டி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லை எறிவதால்தான் வாக்குவாதம் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. சைவ வீட்டில் இருக்கிற பொருள் என்பதற்காக ஒன்று கலப்பாகிவிடாது. அந்தச் செயல் யாரை நோக்கிச் செய்யப்படுகிறது, பார்த்துக்கொண்டு நிற்பவர் அதை என்னவென்று எடுத்துக்கொள்வார், இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதில் இரண்டும் இருக்கின்றன. கடையில் விற்கிற இறைச்சியை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம் (1 கொரிந்தியர் 10:25). ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகத் தொட வேண்டாம் (10:28). இறைச்சி ஒன்றேதான்; அதைச் சுற்றியுள்ள பேச்சுத்தான் மாறியிருக்கிறது.

சடங்கு விஷயத்தில் புரட்டஸ்தாந்து சபைகள் எல்லாம் ஒரே கட்சி இல்லை. லூத்தரன் மரபில், வேதம் கட்டளையிடாததும் தடுக்காததுமான சடங்குகளை அந்தந்தச் சபை தானே தீர்மானிக்கலாம்; 1577இன் இணக்க அறிக்கை பத்தாம் பிரிவில் இதைச் சொல்லிவிட்டு, ஒருவரை நெருக்கிச் செய்யவைத்தால் அதே சடங்கு சாதாரண விஷயமாக இராது என்று ஒரு பூட்டும் போடுகிறது. ஆங்கிலிக்கன் சபையின் விசுவாசக் கோட்பாடுகளான 39 பிரிவுகளில் 34ஆவது, நாடு, காலம், மக்களின் பழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்பச் சடங்குகளை மாற்றலாம், தேவவார்த்தைக்கு விரோதமாகக் கூடாது என்கிறது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1784இல் அமெரிக்க மெதடிஸ்தருக்காக அந்தப் பட்டியலைச் சுருக்கியபோதும் இந்தப் பிரிவைக் கைவிடவில்லை. கல்வின் வழிவந்த சபைகளில் ஒரு சாரார் மட்டும், வேதம் கட்டளையிடாத எதையும் ஆராதனைக்குள் கொண்டுவரக் கூடாது என்று நிற்கிறார்கள். உங்கள் மூப்பர்கள் இந்தக் கடைசி நிலையில் உண்மையாகவே நின்றால் அவர்களை மதித்துப் பேசலாம். ஆனால் அப்படி நிற்பவர் கிறிஸ்மஸ் மரத்தையும் இறக்கிவைக்க வேண்டும். அநேகமாக அது நடப்பதில்லை.

‘எங்களுக்குத்தான் அறுவடைப் பண்டிகை இருக்கிறதே, பொங்கல் எதற்கு?’ என்பதும் வழக்கமாக வருகிற கேள்வி. ஆலயத்தை பூசணியாலும் வாழைக்குலையாலும் அலங்கரித்து, பிறகு ஏலம் போடுகிற அந்த அறுவடை ஆராதனை, இன்றைய வடிவில் 1843இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் மோர்வென்ஸ்டோ என்ற ஊரில் ஹோக்கர் என்ற குருவானவர் தொடங்கியது. அங்கும் அது பழைய கிராமத்து அறுப்புக் கொண்டாட்டத்தை எடுத்து ஆலயத்துக்குள் வைத்த வேலைதான். அதாவது ஆங்கிலேய உழவனின் கொண்டாட்டம் ஒருமுறை ஞானஸ்நானம் பெற்றுவிட்டது. தமிழ் உழவனின் கொண்டாட்டம் இன்னும் படலைக்கு வெளியே நிற்கிறது.

இதைத்தான் டி. டி. நைல்ஸ் பூச்சாடி உவமையால் சொன்னார் என்பார்கள்: மிஷனரிகள் விதையை மட்டும் கொண்டுவரவில்லை, தங்கள் மண்ணோடு சாடியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள், இப்போது சாடியை உடைத்து, செடியை நம் மண்ணில் வைக்க வேண்டும். யாழ்ப்பாணத்து மெதடிஸ்தரான நைல்ஸ், 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதல் பேரவையில் பிரசங்கித்தவர். அந்த உவமை கேட்க நன்றாக இருக்கிறது. கையில் எடுத்தால்தான் சிக்கல் தெரியும்: நம் மண் என்பது எது, யாருடைய மண்?

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உண்மையான கலப்பு அங்கேதான் நடந்திருக்கிறது, அதுவும் 300 ஆண்டுகளாக, சண்டையே இல்லாமல். விளக்கை எதிர்க்கிற அதே மூப்பர் ‘வேதம்’ வாசிக்கிறார், ‘உபவாசம்’ இருக்கிறார், ‘ஆராதனை’க்கு வருகிறார். ஒன்றும் பாலஸ்தீனத்திலிருந்து கப்பலேறி வந்ததில்லை. கடவுளுக்கான சொல்லே பல கை மாறியது. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் ‘சர்வேசுரன்’ என்றார். அவருக்குப் பின் வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்று வைத்தது. பின்வந்த திருத்திய மொழிபெயர்ப்பும் 1995இன் திருவிவிலியமும் ‘கடவுள்’ என்கின்றன. நடுவில் 1850இல் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷனரி பேர்சிவலின் மொழிபெயர்ப்பு வந்தது. அதற்குத் தமிழ் பார்த்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். சைவத்தின் காவலராகப் பின்னர் நின்றவர் வேதாகமத்துக்கு வசனம் திருத்தியிருக்கிறார். கலப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

சொல் இடம் மாறினால் பொருளும் மாறும். ‘அவதாரம்’ நல்ல உதாரணம். சென்னையில் வெங்கல் சக்கரை என்ற கிறிஸ்தவ இறையியலாளர் 1920களில் இயேசுவை அவதாரம் என்று விளக்கி எழுதினார். மற்ற அவதாரங்கள் வந்த வேலை முடிந்ததும் போய்விடும், இது பரிசுத்த ஆவியானவர் வழியாகத் தொடர்கிறது என்பது அவர் வாதம். அவர் காலத்து இறையியலாளரான அப்பாசாமி யோவான் சுவிசேஷத்தின் ‘என்னில் நிலைத்திருங்கள்’ என்பதைப் பக்தி மார்க்கமாக வாசித்து, இராமானுஜரிடமிருந்து சொற்களை எடுத்தார். இரண்டு பேரும் கைகோத்தது வைஷ்ணவத்தோடு. நம்முடைய அயல் சைவம். சைவனுக்குச் சிவன் கருவில் வந்து பிறப்பதில்லை. ‘பிறவா யாக்கைப் பெரியோன்’ என்று சிலப்பதிகாரமே சொல்லிவிட்டது. ஆகவே வெள்ளவத்தையில் சைவ அயலவரிடம் ‘இயேசு கடவுளின் அவதாரம்’ என்றால், ‘அப்படியென்றால் விஷ்ணு மாதிரி’ என்று ஒரு படி கீழே வைத்துவிட்டுத் தலையாட்டுவார். தமிழ்நாட்டில் எழுதியதை அப்படியே எடுத்து இங்கே பேசினால் நடக்கிற பிழை இது. ‘வார்த்தை மாம்சமாகி’ என்ற பழைய வசனம் கரடுமுரடாக இருந்தாலும் இந்த இடத்தில் அதுவே பாதுகாப்பு.

‘அருள்’ இதைவிட ஆழம். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது என்ன என்று ஒரு முழு நூலே (1964) எழுதினார். சைவ சித்தாந்தம் திருவருளை முழுமனதோடு பேசுகிறது. முயற்சியால் மட்டும் முத்தி என்று அது சொல்வதில்லை. எனவே ‘அவர்களுடையது கிரியை, எங்களுடையது கிருபை’ என்று மேடையில் முழங்குவது அறியாமை. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. சித்தாந்தத்தில் இருவினை ஒப்பு (நல்வினை, தீவினை இரண்டையும் சமமாக நோக்குகிற நிலை) வர வேண்டும், மலம் (உயிரைக் கட்டியிருக்கிற அழுக்கு) பரிபாகப்பட வேண்டும், அதன் பின்பே சத்திநிபாதம், அருள் பதிதல். அந்தப் பக்குவத்துக்கு ஆயத்தம் செய்வதும் அருள்தான் என்பார்கள், ஆனாலும் பழம் கனிய வேண்டும். ரோமர் 5:8 ‘நாம் பாவிகளாயிருக்கையில்’ என்கிறது: காயாக, பக்குவமே இல்லாமல் இருக்கும்போது. லூத்தருடைய முழு வாதமும் அந்த ஒரு வினையெச்சத்தில் தொங்குகிறது. வேதபாட வகுப்பில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். பொங்கலைப் பற்றிய நான்கு கூட்டத்தைவிட அது பிரயோசனம்.

கொழும்பில் இன்னொரு காதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. சிங்கள பௌத்தருக்கு ‘தெய்யோ’ என்றால் விஷ்ணு, கதிர்காமத் தெய்வம் போன்ற, புத்தருக்குக் கீழே வரம் கொடுக்கிற தெய்வங்கள். அவர்களும் பிறந்து இறக்கிற வட்டத்துக்குள் இருப்பவர்கள். ‘ஆன்மா’ என்ற சொல்லை பௌத்தம் அடியோடு மறுக்கிறது. மெதடிஸ்தரான லின் டி சில்வா இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்து, 1975இல் வந்த தம் நூலில், அழியாத ஆன்மா என்பது வேதாகமத்தின் கருத்தே இல்லை, மனிதன் தன்னிடம் ஒன்றுமில்லாதவன், ஆவியானவரோடுள்ள உறவில்தான் ஆளாகிறான் என்று வாதிட்டார். இரு மொழி ஆராதனை நடத்துகிற சபைகள், பிரசங்கத்தை மொழிபெயர்க்கிறவருக்கு இந்த இரண்டு சொற்களையும் முன்கூட்டியே எச்சரித்து வைப்பது நல்லது.

ஆசிய இறையியலாளர்களில் ஜப்பானின் கித்தாமோரி, தாய்லாந்தில் பணிசெய்த கொயாமா, கொரியாவில் ஒடுக்கப்பட்ட மக்களை மையமாக்கிய மின்ஜுங் இறையியல், ‘சூழலாக்கம்’ (நற்செய்தியை அந்தந்தச் சூழலுக்குள் வைத்து விளக்குவது) என்ற கருத்தை 1972இல் முன்வைத்த தைவானின் ஷோகி கோ, எல்லாம் படிக்க வேண்டியவையே. ஆனால் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் அவற்றைப் படித்துவிட்டு வருகிறவர் சபையில் செய்ய வேண்டிய வேலையைக் கொயாமா செய்து வைத்திருக்கவில்லை. அதுவும் ஓர் இறக்குமதிதான்.

இப்போது ‘யாருடைய மண்’ என்ற கேள்வி. நாம் ‘தமிழ்ப் பண்பாடு’ என்று ஆலயத்துக்குள் எடுத்துவைப்பவற்றை எண்ணிப் பாருங்கள்: கர்நாடக இராகத்தில் கீர்த்தனை, பரதம், பட்டு, குத்துவிளக்கு. எல்லாம் மேற்சாதி வீட்டு முன்கூடத்துப் பொருட்கள். நாம் பாடுகிற கீர்த்தனைகளில் பலவற்றைத் தந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே, சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முனைந்த மிஷனரிமாரை எதிர்த்து எழுதியவர். கல்கத்தா பேராயர் டானியல் வில்சன் 1833இல் சாதியை உடனே, முற்றாக விட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சைச் சபைகள் கொந்தளித்தன. பாட்டு இனிமைதான், அதன் கூடவே வந்ததையும் தெரிந்து பாட வேண்டும்.

மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு இதைப் புரட்டிப் போட்டவர். நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறை எழுதினார், பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். அவருடைய மைய உருவகம் ‘ஒரே உலை’: கூட்டுக் குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவது போல, தேவனுடைய குடும்பமும் ஒரே உலையில் சாப்பிட வேண்டும், யார் சமைத்ததை யார் தொடுவது என்பதில்தான் சாதி உயிரோடிருக்கிறது. கொழும்புச் சபைகளில் யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், இந்திய வம்சாவளியினர் ஒரே வாங்கில் உட்காருகிறார்கள். ஆனால் விருந்தென்றால் யார் கறிச்சட்டிக்குப் பக்கத்தில், யார் பாத்திரம் கழுவுகிற குழாயடியில் என்று அடுத்த முறை கொஞ்சம் கவனியுங்கள். தப்பு மேளம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ‘அது சாவு மேளம்’ என்று எந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது என்பதையும்.

பொங்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். பொங்கல் ஒரு பானை. நம்மிடமுள்ள பண்பாட்டுப் பொருட்களில் நற்செய்திக்கு மிக நெருக்கமானது அதுவே, சரியாகச் செய்தால்.

சரியாக என்றால், சைவ வீட்டில் பொங்கலின் எந்தப் பகுதி வழிபாடு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோலம், அடுப்பு, பால் பொங்குதல், அரிசி இடுதல் எல்லாம் விளைச்சலின் கொண்டாட்டம். நிறைகுடமும் தலைவாழையிலையில் சூரியனுக்குப் படைப்பதும் வழிபாடு. அந்தப் படையலைத்தான் மாற்ற வேண்டும். ஆதியாகமம் 1:16இல் சூரியன் ‘பெரிய சுடர்’, படைக்கப்பட்ட விளக்கு. அதற்கு நன்றி சொல்ல முடியாது, அதற்காக நன்றி சொல்லலாம். படையலின் இடத்தில் உபாகமம் 26 பொருந்தும்: முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து, கடந்த வரலாற்றை அறிக்கையிட்டு, லேவியனோடும் அந்நியனோடும் சேர்ந்து சந்தோஷப்படுதல். ஆகவே முதல் அகப்பை இலையில் விழ வேண்டாம்; வளவுக்கு வெளியே போகட்டும். பக்கத்துக் கட்டடத்துக் காவலாளிக்கு, வீதி கூட்டுகிறவருக்கு. இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்த பிறகே மற்றவர்களுக்குப் பரிமாறுங்கள்.

60 பேருக்கு 2 கிலோ பச்சையரிசி, அரைக் கிலோ வறுத்த பயறு, ஒன்றரைக் கிலோ சர்க்கரை, 4 தேங்காய், ஒரு லீற்றர் பசுப்பால், கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய். பானை 15 லீற்றருக்குக் குறையக் கூடாது. சின்ன மண்பானையை அழகுக்குப் பொங்கவிட்டு, உள்ளே காஸில் தனியாகச் சமைத்து எடுத்துவருகிற வேலை வேண்டாம். ஒரே பானை என்ற பொருளே அதோடு போய்விடும். நீரும் பாலும் பானையின் கழுத்துவரை இருந்தால்தான் பொங்கி வழியும். வழிந்தபின் வெந்நீரில் ஒரு பகுதியை அள்ளி வைத்துக்கொண்டு அரிசியைப் போடுங்கள், பிறகு தேவைக்கு விடலாம். சர்க்கரையைக் கரைத்து வடித்து, அரிசியும் பயறும் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே போட்டால் அரிசி வேகாது, விறைத்துப்போகும்.

நேரம்தான் கவிழ்க்கிற இடம். தை மாதத்தில் கொழும்பில் சூரியன் 6.25 அளவில் உதிக்கும். ஆறு மணி ஆராதனைக்கு 5.30க்கே அடுப்பு மூட்ட வேண்டும். அந்த அளவு நீர் விறகில் கொதிக்க முக்கால் மணிநேரம் பிடிக்கும். எத்தனை மணிக்குப் பொங்கும் என்று பானைக்கு நிகழ்ச்சி நிரல் கொடுக்க முடியாது. ஆகவே அந்த நேரத்துக்கு நீண்ட ஜெபமோ கீர்த்தனையோ வைக்காதீர்கள். 104ஆம் சங்கீதத்தை மாறிமாறி வாசியுங்கள், எந்த வசனத்திலும் நிறுத்தலாம். பால் எழுந்ததும் வாசிப்பை நிறுத்தி, எல்லோரும் எழுந்து நிற்க, ஒரு சிறு நன்றி ஜெபம். பிறகு மூன்று கை அரிசி. மூன்று கையும் ஒரே வீட்டுக் கையாக இராமல், சபையில் ஒருபோதும் முன்வரிசைக்கு அழைக்கப்படாத ஒருவருடையதும் இருக்கட்டும். அரிசி வேகிற 40 நிமிடத்துக்குள் பிரசங்கமும் வேண்டுதல்களும் முடிந்துவிடும். 7.15க்குச் சாப்பாடு.

அதே ஆராதனையில் திருவிருந்து வேண்டாம். அயலவர்கள் வந்திருப்பார்கள், ஒரு பந்தியில் இருக்கச் சொல்லி, மறு பந்தியில் ஒதுங்கச் சொல்ல முடியாது. அப்பத்துக்குப் பதிலாகப் பொங்கல் என்ற யோசனையையும் யாராவது கிளப்புவார்கள். அது வேறு பெரிய வழக்கு, இதோடு கட்டாதீர்கள்.

குத்துவிளக்குக்கு வருகிறேன். கொழும்பில் வங்கிக் கிளை திறந்தாலும் விளக்கேற்றுகிறார்கள். பொது மரியாதை என்ற அளவுக்கு அது வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் பொங்கல் காலையில், பானைக்குப் பக்கத்தில் அதை வைத்தால் வங்கியின் பொருள் கழன்று வீட்டுச் சாமியறையின் பொருள் ஏறிக்கொள்ளும். ஒரே காலையில் இரண்டு புதுமைகளை விளங்கப்படுத்தவும் முடியாது. ஆளுக்கு ஆள் விளக்கைப் பற்றியே பேசி, பானை மறந்துபோகும். வேறொரு நாளில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய வாரங்களில் ஏற்றினால் ‘ஒளி இருளிலே பிரகாசிக்கிறது’ என்கிற யோவான் 1:5 தானாகவே விளங்கப்படுத்திவிடும். அப்போது மூன்றைக் கவனியுங்கள். தண்டில் சந்தனம், குங்குமம் இட வேண்டாம். அது விளக்கையே வணங்குகிற அடையாளம். திரி சட்டென்று பிடிக்க அதன் நுனியில் கற்பூரம் வைக்கிற பழக்கம் மண்டபங்களில் இருக்கிறது, அதையும் விடுங்கள். கற்பூரம் மணத்தால் பேசும், கண்ணை மூடியிருப்பவருக்கும் தீபாராதனை என்று சொல்லிவிடும். திரியை முன்தினமே எண்ணெயில் ஊறவைத்தால் கற்பூரம் இல்லாமலே பிடிக்கும். மின்விசிறியை நிறுத்த ஒருவரை நியமியுங்கள். ஐந்து திரியில் மூன்று அணைந்து, பிரமுகர் மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பதுதான் ஆண்டுதோறும் எல்லா இடத்திலும் நடக்கிறது.

அயலிலுள்ள சைவக் குடும்பங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மதமாற்றச் சந்தேகம் எளிதில் மூளுகிற நாடு இது; ‘எங்கள் பொங்கலைத் தூண்டிலாக்குகிறார்கள்’ என்று அவர்களுக்குத் தோன்றினால் அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. சுவரொட்டியும் வேண்டாம், அன்றைக்குச் சுகமளிக்கும் ஜெபமும் துண்டுப்பிரசுரமும் வேண்டாம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

வேலையை ஒக்டோபரிலேயே தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வாரத்துக்கு முன் அறிவிக்கப்படுகிற பொங்கல்தான் பெரும்பாலும் சபையைப் பிளக்கிறது. மூத்தவர்களுக்கு அப்போது பொங்கலைவிடத் தங்களைக் கேட்காததே புண். முதலில் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை மூன்று வாரம் படியுங்கள், பிறகு சபைக் கமிட்டியில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மூப்பர் ‘நான் அதைத் தொடமாட்டேன்’ என்றால் வற்புறுத்த வேண்டாம். உணவு விஷயத்தில் ஒருவரை ஒருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்கிற ரோமர் 14 அவருக்காகவும் எழுதப்பட்டது. ஒரு மேசையில் பணிஸும் பிளேன்டீயும் வையுங்கள். மேசையைத் தனியாக மூலையில் போடாமல் பானைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். சீனி வருத்தக்காரர்கள் எப்படியும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அவர் தனித்துத் தெரியமாட்டார்.